அக்காவின் வலது கை

வீட்டில் கடைக்குட்டி என்பதால் நாற்பதைத் தாண்டியும் அவன் எல்லோருக்கும் சின்னவன்தான். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலை பார்த்தான். அச்சகத்தை இழுத்து மூடியதிலிருந்து அவன் கண் விழிப்பதே போனில்தான். பல் துலக்குமுன் மெயில், காப்பி ஆறுமுன் வேலைத் தளங்கள், பிறகு மறுபடி மெயில். ஒன்றும் வந்திருக்காது என்று தெரிந்தாலும் விரல் தானாகத் திரையைக் கீழே இழுக்கும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவை மட்டும் ம்யூட்டில் போட்டிருந்தான். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே யாராவது ஒருவர், "சின்னவனுக்கு ஏதாவது அமைஞ்சுதா?" என்று கேட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அது நலவிசாரிப்பு. அவனுக்கு வெந்த புண்ணில் வேல்.

ஒரு மத்தியானம் பெரியம்மா போன் செய்தாள்.

"ஏண்டா, அக்காவைப் போய்ப் பாத்தியா?"

"ஏன், அக்காவுக்கு என்ன?"

"குரூப்ல அத்தனை பேரும் விசாரிச்சோமேடா!"

பதறிப்போய்க் குழுவைத் திறந்தான். அக்கா பஸ் டிரைவர். டெப்போவில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டோடு ஒரு படம். அதற்குக் கீழே, இடது கையால் தட்டுத்தடுமாறி அவள் அடித்த வரி: "நல்லாருக்கேன். சின்னவன யாரும் தொந்தரவு பண்ணாதீங்க."

அதற்குமேல் அவனால் படிக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அத்தான் கப்பலில் வேலை பார்ப்பவர், கரைக்கு வர மாதங்கள் ஆகும். தனியாக இருந்த அக்காதான் கதவைத் திறந்தாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. நைட்டியின் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள்.

"குரூப்பை ம்யூட்ல போட்டிருந்தேன்க்கா," என்றான்.

"நானும்தான். வருஷக்கணக்கா," என்று அக்கா சிரித்தாள். "வலியில தூக்கம் வரலை, அதான் திறந்தேன். உள்ள வாடா."

அன்று மாலையே துணிப்பையும் லேப்டாப்புமாக வந்து சேர்ந்துவிட்டான். சமைத்தான், பாத்திரம் தேய்த்தான், சிக்கெடுத்துத் தலை வாரிவிட்டான். "பின்னலா இது, வடக்கயிறு மாதிரி இருக்கு!" என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டினாலும், அக்கா அதை அவிழ்க்கவில்லை.

அவளுடைய மெசேஜ்களுக்கும் அவன்தான் பதில் அடித்தான். ஒருநாள் பெரியப்பா குழுவில் வழக்கம்போலக் கேட்டார்: சின்னவனுக்கு வேலை கிடைத்ததா?

"எழுதுடா," என்றாள் அக்கா. "தம்பிக்கு வேலை கிடைச்சாச்சு. என்னைப் பாத்துக்கிற வேலை. இப்போதைக்கு வேற எங்கயும் அனுப்புறதா இல்லை."

"அனுப்பவாக்கா?"

"பின்ன, சும்மாவா சொன்னேன்?"

பொத்தானை அழுத்தியபோதுதான், மூன்று நாளாக மெயிலே பார்க்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. திறந்தால், இரண்டு நாள் முன்பே ஒரு பாடநூல் பதிப்பகம் வீடியோ நேர்காணலுக்கு அழைத்திருந்தது.

கவிழ்த்த குண்டானின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பேசினான். ஜன்னல் வெயில் முகத்தில் அடித்துக் கண் கூசியது. சட்டென்று நிழல் விழுந்தது. கேமராவுக்கு எட்டாத ஓரத்தில் அக்கா நின்று, அறுந்து தொங்கிய திரைச்சீலையை இடது கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். கடைசிக் கேள்வி முடியும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

மறுவாரம் பதில் வந்தது. படித்துவிட்டு அவன் போனை அவளிடம் நீட்டினான். அக்கா படித்தாள், மறுபடி படித்தாள். கண் நிறைந்து வழிந்தது. பழக்கத்தில் வலது கையைத் தூக்கப்போய் "ஸ்ஸ்" என்றாள். அவன் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டான்.

"அடுத்த மாசம்தான்க்கா சேரணும்."

"தப்பிச்சாங்க. அதுக்குள்ள கட்டுப் பிரிச்சிடுவாங்க. இல்லன்னா அந்த மேனேஜருக்கு நானே போன் போட்டு உனக்கு லீவு கேட்டிருப்பேன்."

கேட்கக்கூடியவள்தான்.