வலது தோள்காரர்கள் வராத வாரம்

அந்த வாரம் வியாழன் வரை கிளினிக்குக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் இடது தோளில்தான் வலி.

இதை முதலில் கவனித்தது நாத்தனார். தோள் வலிக்கென்றே தனியாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் அவள். பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்து, திங்கட்கிழமைதான் சொந்தமாகக் கிளினிக் திறந்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் கைகளைக் கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் தன்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் வலது தோள்காரர்களாம். தூக்குவது, துடைப்பது, எட்டி எடுப்பது எல்லாம் வலது கைதானே. இங்கே நான்கு நாளாக ஒரு வலது தோள்கூட மாடிப்படி ஏறவில்லை.

“சொல்லி வச்ச மாதிரி எல்லாம் இடது, அண்ணி,” என்றாள்.

அண்ணி என்பது அவளுடைய அண்ணன் மனைவி, தொழிலில் புரோகிராமர். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிலிருந்து கீழே கண்ணாடி வெட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கிளினிக்கின் இணையப் பக்கத்தை அவள் எழுத, அவள் கணவன் வடிவமைத்தான். அவனுக்குத் தங்கை வைத்த பெயர் மில்லிமீட்டர். திரையில் ஓர் எழுத்து இழையளவு நகர்ந்து நின்றாலும் அவனுக்குச் சோறு இறங்காது.

“ஊர்ல வலது தோளெல்லாம் குணமாயிடுச்சு போல,” என்றான் மில்லிமீட்டர். “நல்ல விஷயம்தானே?”

தங்கை சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். திரும்பி வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். முதல் வாரத்துக்குள் இருபது பேர் நேரம் பதிவு செய்தால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் பேசாமல் திரும்பிப் போவது என்று அவள் மனதுக்குள் ஒரு கோடு கிழித்திருந்தாள். அந்தக் கோட்டுக்கு இன்னும் பதினொரு பேர் பாக்கி.

அண்ணிக்கு இது முள்ளாகக் குத்தியது. நேரம் வாங்க இணையப் பக்கம் மட்டுமே வழி என்று முடிவு செய்தவள் அவள்தான். ஒருவரின் கையைப் பாதி தூக்கிப் பிடித்திருக்கும்போது போன் அடித்தால் நாத்தனார் என்ன செய்வாள்? விரலெல்லாம் ஜெல் வேறு. போனே வேண்டாம், ஆளாளுக்கு இணையப் பக்கத்திலேயே நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் இணையப் பக்கத்தின் வருகைப் பதிவைத் திறந்தாள். ஐம்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் நாளைத் தேர்ந்தெடுத்து, மணியைத் தேர்ந்தெடுத்து, கடைசிப் படி வரைக்கும் வந்திருந்தார்கள். பாக்கி இருந்தது திரையின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பச்சையாகக் கிடக்கும் ‘பதிவு செய்’ பொத்தான் ஒன்றுதான். அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, வந்த வழியே போயிருந்தார்கள்.

பொத்தானை அழுத்தி அது வேலை செய்யாமல் போயிருந்தால், பிழை என்று ஒரு வரி பதிவாகியிருக்கும். அப்படி ஒரு வரிகூட இல்லை. திரும்பிப் போனவர்களில் யாரும் அழுத்தவே இல்லை என்றது பதிவு. கல்யாண வீடு வரை வந்துவிட்டு வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டா?

அவள் தன் போனில் அழுத்தினாள். வேலை செய்தது. கணவன் போனிலும் செய்தது. பிறகு பழைய உத்தி ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் சிவப்புக் கோடு போடு என்று உலாவிக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். கோடுகள் வந்தன. எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தன.

“பாரு, ஒரு இழை பிசகல,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மில்லிமீட்டர் தூங்கப் போனான். அவளும் போனாள். மூளை மழுங்கிய பிறகு திரையை முறைத்துப் பயனில்லை என்பது அவள் அனுபவம்.

வெள்ளிக்கிழமை காலை கிளினிக்கில் வரவேற்பு மேசையின் ஓரத்தில் கணினியை வைத்து உட்கார்ந்திருந்தாள். பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் மாடி ஏறி வந்தார். வலது கையை விலாவோடு ஒட்டிப் பிடித்திருந்தார். புதன்கிழமையிலிருந்து நேரம் வாங்கப் பார்க்கிறாராம். பொத்தான் அசையவே மாட்டேன் என்கிறதாம். அதனால் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

அண்ணி அவர் போனை வாங்கி ஆள்காட்டி விரலால் அழுத்தினாள். பதிவாகிவிட்டது. ரத்து செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வாங்கி அழுத்தினாள், நடந்தது. மறுபடி அவர் அழுத்தினார், நடக்கவில்லை. அதே போன், அதே பக்கம், அதே பொத்தான்.

“உங்களுக்கு அடங்குதும்மா,” என்றார் ஓட்டுநர். “என்னைக் கண்டா மட்டும் மொறைக்குது. எங்க வேன்ல ஒரு கதவு இப்படித்தான், ஆளைப் பார்த்துத் திறக்கும்.”

வரவேற்பு மேசைப் பெண் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை விலாவில் இருந்தது. போனைப் பிடித்திருந்ததும் இடது கை, அழுத்தியதும் அதே கையின் கட்டைவிரல். அந்த விரல் எட்டுவது பொத்தானின் இடது பாதியைத்தான்.

“அண்ணே, அதே விரலால பொத்தானோட வலது ஓரத்துல அழுத்துங்க.”

அவர் போனைக் கொஞ்சம் சரித்து, விரலை நீட்டி அழுத்தினார். பதிவாகிவிட்டது.

இடது தோளில் வலி இருப்பவர்கள் வலது கையால் அழுத்துகிறார்கள். அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. வலது தோளில் வலி இருப்பவர்களுக்கு இடது கைதான் கதி; அவர்களுக்குக் கிடைப்பதில்லை. மருத்துவ அதிசயம் எதுவும் இல்லை. பொத்தான் பாதிதான் வேலை செய்கிறது. அண்ணிக்கு, கணவனுக்கு, வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு மூன்று பேருக்கும் வலது கைப் பழக்கம். தோளும் நன்றாக இருந்தது. பிறகு எப்படித் தெரியும்?

அவள் கணினித் திரையைப் போன் அளவுக்குச் சுருக்கி, உலாவியிடம் நேராக ஒரு கேள்வி கேட்டாள்: பொத்தானின் இடது பாதியில் இந்தப் புள்ளியில் ஒருவர் அழுத்தினால், அது முதலில் யார் மேல் படும்? கேட்டால் உலாவி பொய் சொல்லாது. பொத்தான் என்று அது சொல்லவில்லை. ‘வரவேற்புப் பெட்டி’ என்றது.

அவளுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. பக்கம் திறந்ததும் அடியில் இடது மூலையில் ‘வாங்க, உங்கள் தோளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு சிறு பெட்டி வந்து, சில நொடியில் போய்விடும். முதலில் அவள் அதைச் சட்டென்று மறையும்படிதான் எழுதியிருந்தாள். விளக்கை அணைத்த மாதிரி இருக்கிறது, பனி மாதிரி மெல்லக் கரைய வேண்டும் என்று மில்லிமீட்டர் இரண்டு நாள் உயிரை எடுத்தான். அவள் மறைக்கும் வரியை எடுத்துவிட்டு, பெட்டி எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவை, அதாவது ஒபாசிட்டியை, மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாள். பெட்டி கரைந்தது. அவனுக்கு மனம் நிறைந்தது.

கரைந்ததே தவிர, போகவில்லை. அகலமான கணினித் திரையில் அந்த மூலையில் வேறு எதுவும் இல்லாததால் யாருக்கும் தொந்தரவில்லை. போனில் அந்த மூலைதான் பொத்தானின் இடது பாதி. சிவப்புக் கோடு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் புரிந்தது. ஒபாசிட்டி பூஜ்யமான பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டால், கோடும் அதோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஓட்டுநர் என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் ஜன்னல் வழியாகக் கீழே காட்டினாள். கடை வாசலில் இரண்டு பேர் பெரிய கண்ணாடிப் பலகை ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் போய் முட்டிக்கொள்ளாமலிருக்க அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது.

“நான் பட்டை ஒட்டாத கண்ணாடி ஒண்ணைப் பொத்தான் முன்னாடி நிறுத்திட்டேன்,” என்றாள். “நீங்க மூணு நாளா அதைத்தான் தட்டிட்டு இருந்திருக்கீங்க.”

“அப்ப என் விரல் மேல தப்பில்ல,” என்றார் அவர். புகார் தீர்ந்தது போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

திருத்த இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கணவனுக்குப் போன் செய்து சொன்னபோது அவன் முதலில் கேட்டது, “கரையறது போயிடுமா?” என்பதுதான். போகாது என்றாள். மங்கும் வரை மங்கட்டும், மங்கி முடிந்த நொடியில் மறைந்துவிடட்டும் என்று எழுத வழி இருக்கிறது. பிறகு, தானும் இனிமேல் இடது கையால் அழுத்திப் பார்ப்பதாகச் சத்தியம் செய்தான்.

பக்கத்தின் தலையில் ‘பதிவுப் பொத்தான் சரியாகிவிட்டது, சிரமத்துக்கு மன்னிக்கவும்’ என்று ஒரு வரி போட்டாள். ஓட்டுநர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போலவே முயன்று விட்டுவிட்ட மற்ற ஓட்டுநர்களுக்கு அங்கிருந்தபடியே ஒவ்வொருவராகப் போன் போட்டார். பகல் பன்னிரண்டுக்குப் பதிமூன்று பேர். மூன்று மணிக்குப் பதினெட்டு. நான்கரைக்கு நாத்தனார், நான்கு மணிக்கு நேரம் வாங்கியிருந்த ஓட்டுநரின் தோளை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, வரவேற்பு மேசைப் பெண் கணினியை அவள் பக்கம் திருப்பினாள். இருபத்திரண்டு.

நாத்தனார் அன்று பதிவானவர்களுக்கு எந்தத் தோள் என்று மேலிருந்து கீழாகப் படித்தாள். வலது, வலது, இடது, வலது.

“இப்பத்தான் அண்ணி இது மனுஷங்க பட்டியல் மாதிரி இருக்கு,” என்றாள். பிறகு ஜெல்லைத் துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இத்தனை நாள் இடம் வைத்திருந்ததற்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று சொன்னாள். குரலில் தயக்கம் இல்லை.

அண்ணியிடம் நீல அட்டை நோட்டு ஒன்று உண்டு. தன்னைத் திணறவைத்த ஒவ்வொரு தவறையும் அது தீர்ந்த அன்றே அதில் எழுதிவைப்பாள். மறுபடி அதே குழியில் விழாமலிருக்க. அடுத்த நோயாளி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் நோட்டைத் திறந்து எழுதினாள்:

‘ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்கினால் பெட்டி கண்ணுக்குத்தான் தெரியாது, விரலை மறித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். மங்கி முடிந்ததும் விசிபிலிட்டியை ஹிட்டன் ஆக்கி முழுதாக மறைக்க வேண்டும். அப்போது அழுத்துவது பொத்தானுக்குப் போய்ச் சேரும்.’