அரிக்கலீங்க

கதவு படபடவென்று அதிர்ந்தது. தறியில் இருந்த தருமன் கையை நிறுத்தினான்.

“குணா, வெளிய வாடி. குஷ்டம் பார்க்கிறவங்க வந்துகினு இருக்காங்க. வீட்டுக்கு வீடு கையி காலு காட்டணுமாம்,” என்றாள் எதிர்வீட்டுக் காத்தாயி. “ஒளிஞ்சிக்கினா அப்பறம் உனக்குத்தான் வந்துட்டாப்ல பேசுவாங்க.”

தருமனின் மனைவி குணசுந்தரி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவு நூலை இழை இழையாகத் திரித்து இணைப்பது அவள் வேலை. கை சொரசொரத்தால் பட்டு இழை மாட்டிப் பிசிறு எழும்பிவிடும். அதற்காகத்தான் ரோஸ் வாசனை ஸ்நோ க்ரீம் ஒரு டப்பா வாங்கிப் பூச ஆரம்பித்தாள். முதலில் கை வழவழவென்றுதான் இருந்தது. பிறகு விரலிடுக்கு சிவந்தது, தோல் உரிந்தது, மணிக்கட்டுவரை திட்டுத் திட்டாக ஏறியது. அதற்கும் மருந்து போல ஸ்நோவையே அப்பினாள். வாசனை சோப்பு வேறு. அடங்கவில்லை.

சந்தவாசல் முனியம்மாளுக்கும் குஷ்டம் இப்படித் திட்டில்தான் தொடங்கியது. அதற்கப்புறம் அவள் கையில் யாரும் பட்டைக் கொடுக்கவில்லை. அதைவிடக் குணசுந்தரியைக் குடைந்தது வேறொன்று. கொஞ்ச நாளாகத் தருமன் பாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய்ப் படுக்கிறான். கேட்டால் புழுக்கமாம். பகலெல்லாம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தறியில் உட்காருகிறவனுக்குப் புழுக்கம். கையைப் பார்த்துவிட்டான், வேறென்ன.

குடையை மடக்கிக்கொண்டு நர்ஸ் ஜெயவதி உள்ளே வந்தாள். காத்தாயியும் கூடவே நுழைந்தாள்.

“கையக் காட்டும்மா.”

“வேலை கெடக்குதுங்க, அப்பறமா...”

“ஜல்தியா முடிஞ்சிடும். காட்டு.”

கையைப் பார்த்ததும் ஜெயவதியின் சிரிப்பு போய்விட்டது. பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்தாள். “கண்ண மூடிக்கோ. நான் தொடறது தெரிஞ்சா சொல்லு.”

இறகு பட்டது. சுரீரென்றது. தெரிகிறது என்று சொன்னால் நோய் என்று எழுதிவிடுவாளே. நல்ல தோல் எங்காவது இப்படி எரியுமா?

“தெரியலீங்க.”

“இங்க?”

“இல்லீங்க.”

“அரிப்பு?”

“அரிக்கலீங்க. சுத்தமா ஒண்ணுமே தெரியல.”

காத்தாயி சட்டென்று பின்வாங்கினாள். “அடிப்பாவி, தொட்டாத் தெரியலன்னா அதாண்டி அந்த நோவு.”

குணசுந்தரி கண்ணைத் திறந்தாள். “தெரியுதுங்க. நெருப்பாட்டம் எரியுது. பயத்துல பொய் சொல்லிட்டேன்.”

“இப்ப மாத்திப் பேசினா ஆச்சா?” என்றாள் காத்தாயி.

ஜெயவதி குணசுந்தரியின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். திட்டுகளின் மேல் புதிதாக நகக்கீறல்கள். “அரிக்காத எடத்த யாராவது இப்பிடிப் பிராண்டுவாங்களா? மறுபடியும் கண்ண மூடு.”

இந்த முறை இறகு தொட்ட இடத்தையெல்லாம் குணசுந்தரி விரலால் காட்டினாள். ஒன்றும் தப்பவில்லை. ஜெயவதி அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

“ரோஸ் வாசனை அடிக்குது. இன்னா பூசற?”

“ஸ்நோங்க.”

“எத்தினி வாட்டி?”

“எரியறப்பல்லாம்.”

“நல்லாருக்கு. எரிய வெக்கிறதே அதான். இது அந்த நோவு இல்ல. உன் தோலுக்கு அந்த ஸ்நோ ஒத்துக்கல, அவ்ளோதான். ஸ்நோவும் வேணாம், வாசனை சோப்பும் வேணாம். வெறும் தண்ணியில கழுவு. அடங்கலன்னா ஆஸ்பத்திரிக்கு வா. இது யாருக்கும் ஒட்டாது.”

காத்தாயி அசட்டுச் சிரிப்போடு மறுபடி கிட்டே வந்தாள். குணசுந்தரி அவளைப் பார்க்கவில்லை. தருமனைப் பார்த்தாள். இனியாவது பாயை உள்ளே போடுவானா?

அவன் தறிக்குழியிலிருந்து மெல்ல ஏறி வந்து கழுத்துத் துண்டை அவிழ்த்தான். தாடைக்குக் கீழே செக்கச்செவேலென்று திட்டுகள்.

“நர்ஸம்மா, ஷேவ் பண்ணிட்டு நானும் இவளுக்குத் தெரியாம அந்த டப்பாவுலதான் எடுத்துப் பூசிகினு இருந்தேங்க. இவளுக்கு ஒட்டிக்கப் போகுதேன்னுதான் வாசல்ல படுத்தேன்.”