சங்கரா மீனுக்குச் சிவப்பு ஒயின்

இளமதி என்ன வேலை செய்கிறாள் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று முதன்முதலில் தடுத்தவள் அவளுடைய அம்மாதான். தங்கம்மாளுக்கு அதற்குக் காரணம் இருந்தது. புருஷன் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவன். அதன்பிறகு அவள் கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து தெருத்தெருவாக விற்று, ஒரே மகளைச் சிதம்பரத்தில் கேட்டரிங் படிக்க வைத்தாள். மகள் பயணிகள் கப்பலில் வேலைக்குப் போனாள். சாப்பாடு பரிமாறத்தான் சேர்ந்தாள். அவளுடைய மூக்கும் நாக்கும் கூர்மை என்று கண்ட மேலாளர் ஒயின் பிரிவுக்கு மாற்றினார். பரீட்சைகள் எழுதித் தேறினாள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று விருந்தாளிகளுக்குச் சொல்வதே அவள் வேலையாயிற்று.

"கப்பல்ல ஆபீஸ் வேலைன்னு சொல்லிக்கிறேன்," என்றாள் தங்கம்மாள். இளமதி அப்போது சண்டை போடவில்லை. சொந்த ஊரான தேவனாம்பட்டினத்தில் இருந்துகொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அம்மாதானே என்று விட்டுவிட்டாள்.

ஒருமுறை கப்பல் இத்தாலியின் சிசிலித் தீவில் நின்றபோது, அவள் துறைமுகத்துச் சந்து ஒன்றில் சின்னச் சாப்பாட்டுக்கடைக்குப் போனாள். தக்காளி போட்டுக் கொதிக்கவைத்த மீன் வந்தது. கூடவே கடைக்காரம்மா லேசாகக் குளிரவைத்த சிவப்பு ஒயினை ஊற்றினாள். மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்றுதான் இளமதி படித்திருந்தாள். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினை மீனோடு குடித்தால் வாயெல்லாம் இரும்பு ருசி அடிக்கும். இதில் துவர்ப்பே தெரியவில்லை. மாதுளை முத்தைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு, பின்னால் மிளகின் மெல்லிய காரம், அவ்வளவுதான். மீன் ருசி இன்னும் துலங்கியது. திராட்சையின் பேரைக் கேட்டாள். ஃப்ராப்பாட்டோ என்றாள் கடைக்காரம்மா. அதைப் பேர்போன இன்னொரு திராட்சையோடு கலக்கத்தான் முக்கால்வாசிப் பேர் பயிரிடுகிறார்கள், தனியாக ஒயின் செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றும் சொன்னாள். அம்மா வைக்கும் சங்கரா மீன் குழம்புக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்று இளமதிக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

கப்பலில் அவள் அதைப் பரிந்துரைத்தபோது விருந்தாளிகள் சிலர் முகம் சுளித்தார்கள். அவள் விடவில்லை. அதைத் தயாரிக்கும் வேறு வேறு தோட்டங்களைத் தேடி, ஒவ்வொன்றாகச் சுவைத்து, நல்லதைப் பொறுக்கிப் பட்டியலில் சேர்க்க வைத்தாள்.

கப்பலை விட்டு ஊருக்குத் திரும்பிய வருஷத்தில் சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் வேலைக்குக் கூப்பிட்டது. அங்கே உரிமம் உள்ள பார் இருந்தது. முதலாளி பஞ்சநாதன் ஒயின்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவளிடமே விட்டார். ஒரு சனிக்கிழமை மாலை, நம்மூர்ச் சாப்பாட்டோடு ஒயின் பரிமாறும் விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். சங்கரா மீன் குழம்புக்கு ஃப்ராப்பாட்டோ என்று முடிவு செய்தாள். அழைப்பை ஓட்டல்காரர்கள் அவள் படத்தோடு வாட்ஸப்பில் அனுப்பினார்கள்.

அந்த வாரம்தான் அவளும் அம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்கச் சிதம்பரம் போனார்கள். தூரத்துச் சொந்தக்காரனான மாப்பிள்ளை சிலம்பரசன் அப்பாவோடு எலக்ட்ரிகல் கடை நடத்தினான். இளமதியின் வேலையை அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவன். தனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை என்று சொல்லியிருந்தான்.

கேசரியும் காப்பியும் வந்தபின், அவன் அப்பா வைத்திலிங்கம் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படி போனை நீட்டினார். திரையில் இளமதியின் படம் இருந்தது. இது யார் என்று கேட்டார். தங்கம்மாள் தலைகுனிந்தாள்.

"நான்தான் மாமா," என்றாள் இளமதி.

வைத்திலிங்கம் குரலை உயர்த்தவில்லை. சனிக்கிழமை விருந்தை ரத்து செய்ய வேண்டும், தவறுதலாகப் படம் போட்டுவிட்டார்கள் என்று ஓட்டல்காரர்கள் இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும், அப்படிச் செய்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். "குடும்பத்துப் பொண்ணு நாலு பேருக்கு பாட்டில் தொறந்து ஊத்துறத எந்த ஊர்லம்மா பாத்த?"

இளமதி சிலம்பரசனைப் பார்த்தாள். அவன் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்க பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன் மாமா. மண்டபத்துக்குப் பின்னாடி பாட்டில் தொறந்தவங்கள்லாம் குடும்பத்து ஆளுங்கதான். அவுங்க ஒளிஞ்சிக்கினு செஞ்சாங்க. நான் வெளிச்சத்துல நின்னு செய்யிறேன். ஒரு ஆளயும் போதையில தள்ளி வுட்டதில்ல. படிச்சி வாங்குன வேல. தப்பா போட்டுட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

வளர்த்த லட்சணம் இதுதான் என்று வைத்திலிங்கம் தங்கம்மாள் பக்கம் திரும்பினார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"எம் புருஷன வாரிக்கினு போனது அந்தக் குடிச் சனியன்தான். அவ பாக்குற வேல எனக்குப் புடிக்காது. அத நான் அவகிட்ட சொல்லிக்கிறேன். நான் மீன் கூடை சுமந்து வளத்த பொண்ண நீங்க யாரு சொல்றதுக்கு?"

கொண்டுபோன பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். கடலூர் பஸ்ஸில் ஏறினார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும், தனக்கு அந்த வேலை இன்னமும் பிடிக்கவில்லை என்றாள் தங்கம்மாள். தெரியும் என்றாள் மகள். கொஞ்சம் கழித்து, குழம்புக்கு ஓட்டல்காரன் எந்த மீன் வாங்குகிறான் என்று அம்மா கேட்டாள். ஐஸில் கிடந்த மீனை வாங்கிவிடப் போகிறான் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை விடிந்ததும் தங்கம்மாளே துறைமுகத்தில் சங்கரா வாங்கி அனுப்பினாள். ஓட்டல் பக்கம் வரவில்லை.

பஞ்சநாதனுக்குக் கடைசி நேரத்தில் பயம் வந்துவிட்டது. பேர்போன ஒயினை முதலில் ஊற்றிவிட்டு, யாருக்கும் தெரியாத ஃப்ராப்பாட்டோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். முடியாது என்றாள் இளமதி. குழம்பு சூடாக வரும்போது இதுதான் வர வேண்டும், விருந்து கெட்டுப்போனால் பழி தன் மேல் என்றாள். குளிர்பெட்டியிலிருந்து தானே எடுத்து, தானே திறந்து ஊற்றினாள்.

விருந்துக்கு வந்தவர்களில் சௌந்தரம் என்ற பல் டாக்டர் கிளாஸைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு வெளிறிய சிவப்பா என்று சந்தேகப்பட்டார். மீனை ஒரு வாய் தின்றுவிட்டு உடனே குடிக்கச் சொன்னாள் இளமதி. டாக்டர் குடித்தார். மறுபடி மீன் எடுத்தார், மறுபடி குடித்தார். புளியோடு சண்டை போடாமல் சேர்ந்து போகிறதே என்றார். பக்கத்து மேசைக்காரர் இதெல்லாம் ஜூஸ் என்று ஒதுக்கிவிட்டு விஸ்கி கேட்டார். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முக்கால்வாசி மேசைகளில் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள்.

எந்த ஊர்ப் பெண் என்று சௌந்தரம் விசாரித்தார். தேவனாம்பட்டினம் என்று அவள் எல்லா மேசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் மதியம் சிலம்பரசன் போன் செய்தான். அன்றைக்குப் பேசாமல் இருந்தது தப்புதான் என்றான். அப்பாவை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டதாகவும் சொன்னான். "கல்யாணத்துக்கு அப்புறம் வுட்டுடுறேன்னு ஒரு வார்த்த சொல்லு. அப்புறம் நாம பாத்துக்கலாம்."

அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

"சொல்ல மாட்டேன் சிலம்பு. வுடவும் மாட்டேன்."

போனை வைத்துவிட்டு முகம் கழுவினாள். பிறகு பஞ்சநாதனைக் கூப்பிட்டு, அந்த ஒயினில் இன்னும் ஆறு பெட்டி வேண்டும், அடுத்த விருந்துக்கு இறால் தொக்கு வைக்கலாம் என்றாள்.