இரண்டு உறுமி, ஒரு வலது காது

காலை பதினொன்று இருபது. மாலை நாலு மணிக்கு மேலூர்ப் பக்கத்து ஊரில் காப்புக் கட்டு. அதற்குள் சாமி பாட்டு கோயில் ஸ்பீக்கரில் ஒலித்தாக வேண்டும். செல்லூரில், தறிக்கூடத்துக்கு மேலே உள்ள ஸ்டுடியோவில் சத்யப்ரியா மிக்ஸிங்கை முடித்திருந்தாள். அவள் பெயர் போட்டு வெளிவரும் முதல் பாட்டு.

பாட்டில் இரண்டு உறுமி மேளங்கள். ஒன்று, பங்காளிகளில் அண்ணன் வழியான பெரிய வீட்டு வகையறாவுடையது; மற்றது, தம்பி வழியான சின்ன வீட்டு வகையறாவுடையது. இரண்டும் ஒரே இடத்தில் இரைந்தால் பாடுகிறவள் குரல் மூழ்கிவிடும். அதனால் ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் ஒதுக்கி, நடுவைக் குரலுக்கு விட்டிருந்தாள். பாட்டுக்கு மூச்சு வந்ததே அதனால்தான். மூன்று நாள் வேலை.

சின்ன வீட்டுச் சின்னான் ஹெட்போனைக் கழற்றினார்.

“எங்க உறுமி இடது காதுல கேக்குது.”

“ஆமாண்ணே. ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கேன்.”

“இடது கையில திருநீறு குடுத்தா நீ வாங்குவியா?”

பெரிய வீட்டு விருமாண்டி சிரித்தார். “அண்ணன் வலது, தம்பி இடது. மிஷினுக்கே முறை தெரியுது பாரு.”

சின்னான் எழுந்தார். “அண்ணே, அப்ப பாட்டே வேணாம். எங்க ஆளுக ஒருத்தரும் காப்புக் கட்ட மாட்டாக.”

சத்யப்ரியா இரண்டு உறுமிகளையும் நடுவுக்கு நகர்த்தினாள். இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள்.

“எங்க உறுமியக் காணோமேத்தா?” என்றார் விருமாண்டி.

“எங்களுது முழுங்கிருச்சு,” என்றார் சின்னான். அவர் முகத்திலும் திருப்தியில்லை. “பாடுற புள்ளையவும் சேத்து முழுங்கிருச்சு.”

அவள் எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள். “மாத்திட்டேண்ணே,” என்று சொல்லி, ஹெட்போனை மட்டும் இடவலம் மாறும்படி திருப்பிச் சின்னான் தலையில் மாட்டினாள்.

சின்னான் கண்ணை மூடிக் கேட்டுச் சிரித்தார். “இப்பத்தான் நியாயம்.”

விருமாண்டிக்கு நேராக மாட்டினாள்.

“எங்களுது வலதுலதான இருக்கு? பெறகு இவன் எதுக்குச் சிரிக்கிறான்?”

“அவருக்கும் வலதுலதாண்ணே.”

“ரெண்டு பேருக்குமா?”

“மாஸ்டரிங்ல அப்பிடிச் செய்யலாம்.”

“அம்புட்டு இருக்கா இதுல!”

பாட்டின் மேடுபள்ளத்தைச் சீராக்கி, மொத்தச் சத்தத்தையும் ஒரு படி ஏற்றி, பென்டிரைவில் போட்டாள். மாஸ்டரிங் என்பது அவ்வளவுதான். பங்காளிகள் இருவரும் ஒன்றாக டீ குடிக்க இறங்கினார்கள்.

அவர்களோடு வந்த சாமியாடி ஒச்சம்மாள் மட்டும் மூலையை விட்டு எழவில்லை.

“நீ திருப்பி மாட்டுனதப் பாத்தேன்.”

சத்யப்ரியா பென்டிரைவைக் கழற்றி மூடி போட்டாள்.

“நான் சொல்ல மாட்டேன். ஒண்ணுதான் வெளங்கல தாயி. கோயில்ல நாங்க சாமியப் பாத்து நிப்போம். சாமி எங்களப் பாத்து நிக்கும். ஸ்பீக்கர்ல போட்டா, சாமிக்கு வலது காதுல யாரு?”