ஜெனிட்டா எழுதிய திருத்தம்

"நல்ல வேலை, லட்சுமிகாந்தம். உங்கள் திருத்தத்தை ஏற்கிறோம்." திரையில் வந்த பதிலைப் படித்ததும் ஜெனிட்டாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று கோபம் ஏறியது.

லட்சுமிகாந்தம் அவளுடைய முதலாளி. திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் நடத்துகிறவர். கம்ப்யூட்டரை அணைக்கக்கூட ஆள் கூப்பிடுவார்.

அச்சகத்தில் ஜெனிட்டா பக்கம் அமைக்கும் இலவச மென்பொருளில் ஒரு கோளாறு. தாளை வெட்டி அடுக்கினால் தேதி வரிசை பிசகும். பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்கி அடுக்குவார்கள். அந்த மென்பொருளை யாரும் திருத்தி அனுப்பலாம், பொறுப்பாளர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள். ஜெனிட்டா சாப்பாட்டு நேரத்தையெல்லாம் விட்டு எழுதி அனுப்பினாள். சரிபார்க்கும் ஹென்ரிக், "இப்படி யாரும் அச்சடிப்பதில்லையே" என்றார். கட்டிங் மிஷினைப் படமெடுத்து அனுப்பினாள். திருப்பித் திருப்பி அனுப்பினார். சளைக்காமல் மாற்றிக் கொடுத்தாள்.

ஆனால் அச்சகத்தில் எந்த மிஷின் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்து முதலாளி பேரைப் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டருக்குள்ளும் அந்தப் பேர்தான். அவள் அனுப்பியதெல்லாம் அந்தப் பேரிலேயே போயிருக்கிறது. பார்க்காமல் விட்டது அவள் தப்பு.

மெயில் முதலாளிக்கும் போயிருந்தது. அதற்குள் அதை ஆர்ட் பேப்பரில் அடிக்கச் சொல்லி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, அது நான் எழுதுனது. பேரை மாத்தப் போறேன்."

"பேருல என்னம்மா கெடக்கு? கம்பெனி கம்ப்யூட்டரு, கம்பெனி கரண்டு."

"கரண்டு உங்களுது. மூளை?"

கட்டிங் மிஷின் ஓட்டும் பெத்தணன் அங்கனயிருந்தே, "அண்ணாச்சிக்கு மவுசு பிடிக்கவே ரெண்டு கை வேணுமே!" என்றான்.

"ஏலே, நீ வேலையப் பாருலே!"

ஜெனிட்டா விடவில்லை. "போன சீசன்ல காலண்டர் அடியில உங்க பேரு மங்கலா விழுந்துச்சுன்னு ஒரு லோடையே கிழிக்கச் சொன்னீகளே. அன்னைக்குப் பேருல என்ன கெடந்துச்சு?"

முதலாளி மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் பேரை மாற்றி மறுபடி அனுப்பினாள். ஹென்ரிக் உடனே எழுதினார்: "மாற்றினால் நான் மறுபடி முழுதாகச் சரிபார்க்க வேண்டும். இந்த வெளியீட்டில் வராது. பரவாயில்லையா?"

இங்கே அச்சகக் கம்ப்யூட்டரில் திருத்தத்தை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. பொறுக்கி அடுக்கும் வேலை நின்றுவிட்டது. வெளியுலகம்தான் காத்திருக்கும். காத்திருக்கட்டும்.

"பரவாயில்லை. முதலிலிருந்தே பாருங்கள்" என்று கீபோர்டு பொத்தான்கள் தெறிக்க அடித்தாள். கீழே, சா. ஜெனிட்டா.