மேல் வாசல், கீழ் வாசல்

வீடு பார்க்கப் போன மூன்றாவது ஊரில் பேருந்து நின்றபோது அண்ணிக்கு இறங்கவே மனமில்லை. வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள் குடலைப் பிரட்டியிருந்தன. வெளியே பார்த்தால் மூடுபனி, ஈரம் கசியும் சுவர், ஒரு டீக்கடை, அதன் வாசலில் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாய். ஊர் என்று சொல்ல வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"இறங்கு அண்ணி. வண்டி இதுக்கு மேல போகாதாம். போனா வானத்துக்குத்தான் போகணும்" என்றாள் பாப்பா.

பாப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வீட்டின் கடைக்குட்டி என்று வைத்த செல்லப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணியின் கணவருக்கு ஒரே தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பிடிக்காத பேச்சு வந்தால், பேசுகிறவர் வாயை மூடுவதற்கு முன்பே இணைப்பைத் துண்டித்துவிடும் வழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அண்ணி வீட்டிலேயே மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். ஒருத்திக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருத்திக்கு மூடியிருக்க வேண்டும். முப்பது வருஷமாக இந்த ஒரு ஜன்னலை வைத்தே ஆயிரம் சண்டை போட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கீரியும் பாம்பும் என்று பெயர். யார் கீரி, யார் பாம்பு என்பதில்தான் அக்கம்பக்கத்துக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.

அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அவர்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். நகரத்துப் புகையும் துணித் தூசியும் அண்ணியின் நெஞ்சைப் பாழாக்கிவிட்டன. "மலைப் பக்கமா போயிடுங்கம்மா, இங்க இருந்தா என்னைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணிக்கு வேறு வழியில்லை. ஆனால் பாப்பாவின் நுரையீரல் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. அவளுடன் வேலை பார்த்த தோழி ஒருத்தி, என் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்துவிடு என்று வாராவாரம் போன் பண்ணுகிறாள். பாப்பா மலையேற ஒரு முகாந்திரமும் இல்லை.

நீயும் வருகிறாயா என்று அண்ணி கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வரும், திரும்பிப் போய்விடும். இல்லை என்று பாப்பா சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பாப்பாவும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வீடு பார்க்க மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் போய்விட்டால் அந்த மலையில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அண்ணி பின்னால் நடந்தாள்.

முதல் ஊர் அண்ணிக்கு ரொம்பப் பிடித்தது. ஏரியைப் பார்த்த வீடு, சமதளமான தெரு, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. பாப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினாள். "கொசு இருக்கும்" என்றாள். அந்தக் குளிரில் கொசு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். இரண்டாவது ஊரில் வீட்டுக்காரம்மா டீ கொடுத்து, பூந்தொட்டிகளையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். அதுவும் பாப்பாவுக்கு ஆகவில்லை. ஆனால் அங்கே அண்ணியின் காதில் ஒன்று விழுந்துவிட்டது. ஜன்னலை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தபோது, பின்பக்கத்தில் பாப்பா வீட்டுக்காரம்மாவிடம் தணிந்த குரலில் விசாரித்தாள்: "இன்னொரு வாசல் கிடையாதாங்க? தனியா போக வர?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. தனியாகப் போக வர. ஓகோ, அப்படியா சங்கதி. வந்தாலும் தனிக்குடித்தனம், தனி வாசல், தனி அடுப்பு. அன்றைக்கு அவள் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தாள்.

இப்போது இந்த மூன்றாவது ஊர். கம்பளித் தொப்பி போட்ட வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து அழைத்துப் போனார். வீடு சரிவில் தொற்றிக்கொண்டு நின்றது. மேல் சாலையிலிருந்து கதவைத் திறந்தால் கூடமும் இரண்டு அறைகளும். உள்ளே மரப்படி இறங்கினால் சமையலறையும் ஒரு சின்ன அறையும். சமையலறைக்கு ஒரு கதவு. அதைத் திறந்தால் கீழ்ச் சாலை.

"சரிவுல இருக்கற வீடுங்க எல்லாம் இப்படித்தான். மேல ஒரு தெரு, கீழ ஒரு தெரு. போஸ்ட்மேனே குழம்பிப் போவான்" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

பாப்பாவின் முகத்தை அண்ணி பார்த்தாள். அண்ணன் போனதற்கு அப்புறம் அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை. கீழ்க் கதவைத் திறந்தாள், மூடினாள், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். படியேறிப் போய் மேல் கதவையும் அப்படியே செய்தாள். திரும்பி வந்து, "இதுதான். இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

அண்ணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அந்நிய மனிதர் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை.

"மேல உனக்கு, கீழ எனக்கா? பிரிச்சுக்கறதுன்னு முடிவே பண்ணிட்டியா? அதுக்கு நீ உன் ஃபிரெண்டு வீட்டுக்கே போயிருக்கலாமே. இந்த மலையெல்லாம் ஏறி இறங்கியிருக்க வேண்டாமே!"

பாப்பா வாயைப் பிளந்தாள். "என்ன உளர்ற? யார் பிரியறா?"

"ரெண்டு வாசல் கேட்டியே. என் காதால கேட்டேன்."

"ஆமா, கேட்டேன். ஒரே ஒரு வாசல் இருக்கற வீட்ல நீயும் நானும் எத்தனை நாள் இருப்போம்? நமக்குச் சண்டை வந்தா நீ எந்தப் பக்கம் போவ, நான் எந்தப் பக்கம் போவேன்? அன்னைக்கு ஒரு தடவை பின்கட்டுக் கதவை அடைச்சு வெச்சாங்களே, என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

அண்ணி மறக்கவில்லை. பழைய வீட்டில் பேச்சு முற்றினால் அண்ணி பின்வாசல் வழியாக இறங்கிச் சந்துக்குப் போய்விடுவாள், பாப்பா முன்வாசல் வழியாகத் தெருவுக்கு. யார் சொல்லி வைத்ததும் இல்லை. கொஞ்ச நேரம் நடந்துவிட்டு அவரவர் போன வழியாகவே வருவார்கள். வந்தபின் அந்தப் பேச்சை இருவரும் எடுக்க மாட்டார்கள். அண்ணன் நடுவில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு கதவும் சாத்தும் சத்தத்தை வைத்தே சண்டை பெரிதா சிறிதா என்று தெரிந்துகொள்வார். சந்தில் சாக்கடை வேலை என்று பின்கதவை அடைத்த அந்த மழைக்காலத்தில் போக வழியில்லாமல், சொல்லக் கூடாததையெல்லாம் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். பாப்பா பெட்டி கட்டிவிட்டாள். கதவு திறந்த பிறகுதான் பேச்சும் திறந்தது.

"சாகற வரைக்கும் உன்கூட இருக்கணும்னா எனக்கு ரெண்டு வாசல் வேணும் அண்ணி. ஏரி கீரியெல்லாம் நீயே வெச்சுக்கோ."

நெஞ்சில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எங்கே போனது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, கடைசியில் இருமலாக முடிந்தது. பாப்பா முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தேவைக்கு மேல் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"நீ வர்றியான்னு நான் கேக்கவே இல்லையே பாப்பா."

"கேக்கணுமா? நல்லா இருக்கே கதை" என்று பாப்பா அந்தப் பேச்சைத் துண்டித்தாள்.

வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலை முழம் போட்டாள். இங்கே கனத்த துணிதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பனி உள்ளே வரும் என்றாள். எதற்கு, ஜன்னலைத் திறந்து போடத்தானே மலைக்கு வருகிறோம் என்றாள் பாப்பா. உனக்கென்ன, இருமுவது நான்தானே என்றாள் அண்ணி. முப்பது வருஷமாகப் பூட்டிய ஜன்னலுக்குள் கிடந்து வெந்தது நான்தானே என்றாள் பாப்பா. வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கீழ்க் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மேல் கதவும் சாத்திக்கொண்டது.

"அம்மா, அப்ப வீடு வேணுமா, வேண்டாமா?" என்று அவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் படியிலேயே நின்றுகொண்டு கத்துவது அண்ணிக்குக் கேட்டது.

கீழ்ச் சாலையில் பனி கலைந்து கலைந்து வந்தது. அண்ணி விறுவிறுவென்று நடந்தாள். கோபம் நிஜமாகவே இருந்தது. அதற்கடியில், சொன்னால் வெட்கக்கேடு, அத்தனை சந்தோஷமாகவும் இருந்தது. சாலை வளைந்து மேலே ஏறியது. மேல் சாலை வளைந்து இறங்கி அதே முனையில் வந்து சேர்ந்தது. முனை திரும்பினால் எதிரே சால்வையைப் போர்த்திக்கொண்டு பாப்பா.

பழைய சந்தும் தெருவும் இப்படி எங்கும் சேர்ந்ததில்லை. இதற்கு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்குள் கட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இருவரும் மலைச்சுவரோடு ஒட்டி நின்றார்கள், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. லாரி நெருங்கியபோது பாப்பாவின் கை நீண்டு அண்ணியைக் குறுக்கே மறித்துப் பிடித்தது. லாரி போனதும் கை, தான் ஒன்றுமே செய்யாதது மாதிரி சால்வைக்குள் போய்விட்டது.

அண்ணி மேல் சாலையில் வீட்டைப் பார்த்து ஏறினாள். பாப்பா கீழ்ச் சாலையில் இறங்கினாள்.