இரவல் வாய்

“தண்ணி காஞ்சு போச்சுன்னா ஞானஸ்நானமும் போயிடுமாம்மா?”

அடக்கத்துக்கு எடுத்துப் போகுமுன் தாய் ஒருமுறை பார்க்கட்டும் என்று வார்டுக்குக் கொண்டுவந்திருந்த சிறு பெட்டி. அதன் மேல் குனிந்து, தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஒரு பல்கூட விழவில்லை. தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். என் பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத்தான் போனானா?

முதல்நாள் வயிற்றைக் கீறி அவனை எடுத்தார்கள். பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். தாய் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கட்டிலில் கிடந்தாள். கணவன் பங்குச் சாமியாரை அழைத்துவர ஓடியிருந்தான். “மூச்சு இறங்கிக்கிட்டே இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த பிரசவத்துக்கு ஓடினாள். அறையில் மிஞ்சியது தரை துடைக்க வந்த ஆயா.

“ஆயாம்மா, நீங்க கிறிஸ்தவங்களா?”

“இல்லியே கண்ணு. ஏன், நான் தொடைச்சா தரை சுத்தமாகாதா?”

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள், தாயின் முகத்தைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“சாமியார் வர்றதுக்குள்ள பிள்ளை போயிடுவான். அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். தலையில தண்ணி ஊத்தி ஒரு வரி சொல்லணும். என்னால எந்திரிக்க முடியல.”

“டாக்டர் என் பேரைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நான் போய் மந்திரம் சொல்றதா?” ஆயா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி, என் வாயை இரவலா எடுத்துக்கோ. சொல்லிக்குடு.”

தாய் மகனுக்கென்று நினைத்திருந்த பெயரைச் சொன்னாள். பிறகு, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

“‘நான்’னு சொல்லணுமா? நான் யாரு குடுக்க?”

“சொல்லுங்க ஆயாம்மா, சீக்கிரம்!”

உதடு அசைய அசைய ஆயா போனாள். போனவள் வரவே இல்லை. தாய் கட்டில் கம்பியைப் பிடித்தபடி வாசலையே பார்த்திருந்தாள். கடைசியில் ஆயா காலி டம்ளரோடு வந்து நின்றாள்.

“குழாய்த் தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. கொஞ்சம் வெந்நீர் கேட்டு வாங்கி விளாவி எடுத்துக்கிட்டுப் போனேன். ஊத்தும்போது என் விரலைப் பிடிச்சுக்கிட்டான் கண்ணு. குளிரல அவனுக்கு.”

சாமியார் வந்து சேர்ந்தபோது விரல்கள் பிடியை விட்டிருந்தன.

இப்போது பெட்டியருகே நின்று நாத்தனார் வாய்விட்டே கேட்டாள். “அண்ணி, ஊத்துனவளே ஞானஸ்நானம் வாங்காதவ. அது எப்படிச் செல்லும்?”

சாமியார் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொன்னார். “காயறது தண்ணிதான் பாப்பா.” பிறகு தலையை நிமிர்த்தினார். “யாரு கை ஊத்தினாலும் குடுக்கிறவர் இயேசு. நம்ம சபை செய்றதைச் செய்யணும்னு அந்தம்மா நெனச்சாங்க. அது போதும்.” தாய் நினைத்திருந்த அந்தப் பெயரையே சொல்லி, திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு உரிய செபங்களைச் செபித்து அவனை அடக்கம் செய்தார்.

துக்கம் தீரவில்லை. அதன் ஒரு மூலையில் மட்டும் அமைதி இருந்தது.

தாய் தையல்காரி. ஆண்டுதோறும் ஆயாவுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய ஆண்டு, ஆயா அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். அவளுக்கென்று யாரும் இல்லை.

“இந்த வருஷம் அளவு எடுக்காதே. துணி மிச்சம்,” என்று சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “போகும்போது காதுல எங்க சாமி பேரைச் சொல்லணும்பாங்க. எனக்கு யாரு சொல்லப் போறா?”

தாய் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டாள்.

நாத்தனார் வழி சொன்னாள். “மயக்கத்துல இருக்கும்போது ஒரு சொட்டு விட்டுடுங்க அண்ணி. நீங்களும் கடனைத் தீர்த்த மாதிரி ஆச்சு, அவளும் மோட்சத்துக்குப் போவா.”

மறுநாள் தாயின் பைக்குள் மாதா கோயில் தீர்த்தம் ஒரு சிறு குப்பியில் இருந்தது. ஆயாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுப் போனாள். தாய் குப்பியைத் திறந்தாள். ஊற்ற ஒரு கணம் போதும். சொற்கள் நாவிலேயே இருந்தன. ஆனால் இவள் இதைக் கேட்கவில்லை. கேட்டது வேறொன்று. அன்று தான் கேட்டதை அப்படியே செய்தவள், தன் விருப்பத்தை அதில் ஒரு துளியும் கலக்கவில்லை. கலந்தது வெந்நீர் மட்டும்.

குப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். கண்ணை மூடி, “ஆண்டவரே, இவங்களை நீர் அறிவீர்,” என்றாள். மேசையிலிருந்த தண்ணீரில் ஃபிளாஸ்க்கின் வெந்நீரை விளாவி, பஞ்சால் அந்த உலர்ந்த உதடுகளை நனைத்தாள்.

பிறகு குனிந்து, ஆயாவின் காதருகே, அவள் சாமியின் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். மூச்சு நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.